உவர்மலை ஏற்றமும் உப்புக் காற்றும்

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முற்பட்ட ஆண்டுகளில் பிரித்தானியக் கடற்படைக்கென்று திருகோணமலையின் சீனக்குடாவில் கட்டப்பட்ட எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்றும் நின்றுகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளத்தக்க அந்தப் பிரமாண்டமான பாத்திரங்களுக்கு அயலிலே வசிக்கின்ற ஜனங்கள்தாம், 2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், ஒரு போத்தல் பெற்றோலுக்காக இரவு பகல் பாராது வரிசையில் நின்றார்கள். அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் தனியார் வாகனங்களுக்கு எரிபொருள் விற்பது நிறுத்தப்பட்டு, பின்னர் கியூஆர் முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்று பங்கிடப்பட்ட காலத்தில், கோடிப்புறத்தில் கறள் பிடித்துக் கிடந்த துவிச்சக்கர வண்டிகளெல்லாம் மீண்டும் வீதிக்கு வந்தன. சைக்கிள் திருத்தும் கடைகளிலே டயருக்கும் டியூபுக்கும் கிராக்கி உண்டாயிற்று. பங்கீடு 2023 செப்டெம்பரில் நீங்கிப் பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னரும், அந்த நாட்களில் பட்ட பாட்டை மறவாதவர்கள், மின்சார உதவியோடு ஓடுகின்ற துவிச்சக்கர வண்டியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

விசாரிப்பது நியாயமே. 36 வோல்ற்று, 10 அம்பியர்-மணி கொண்ட சாதாரணப் பற்றரி ஒன்றை முழுமையாக ஏற்றுவதற்கு அரை அலகு மின்சாரம் போதும். சமதரையில் தாமும் உழக்கிக்கொண்டு போகிறவருக்கு அது முப்பது, நாற்பது கிலோமீற்றர் வரை துணைவரும். அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு இனிவரும் காலத்தில் இந்த மாவட்டத்துச் சூரியனிடமிருந்தே கிடைக்கவும் கூடும். அனல்மின் நிலையத் திட்டம் 2016 இல் கைவிடப்பட்ட சம்பூரில், 120 மெகாவாற்றுச் சூரிய சக்தித் திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் ஆரம்ப விழா நடந்தது. ஆகவே மின்சாரத் துவிச்சக்கர வண்டி வேண்டுமா என்பதிலே எனக்குத் தர்க்கம் இல்லை. எந்த மோட்டாரைப் பூட்டிய வண்டியை வாங்குவது என்பதிலேதான் நம்மவர்கள் விளம்பரத்தின் பின்னே இழுபட்டுப் பணத்தை விரயம் செய்யக்கூடும் என்ற அச்சம் உண்டு.

மோட்டார்கள் பிரதானமாக இரண்டு வகை. ஒன்று, முன் சில்லின் அல்லது பின் சில்லின் நடுவிலே பொதிந்திருந்து, அச்சில்லை நேரே சுழற்றுவது. இதைச் சில்லு மோட்டார் என்போம். மற்றையது, பெடல்கள் பூட்டப்பட்ட அச்சைச் சூழ்ந்து வண்டியின் நடுவயிற்றிலே அமர்ந்து, நமது கால் தள்ளுகின்ற அதே செயினைத் தானும் சேர்ந்து தள்ளுவது. வியாபாரிகள் 'மிட் டிறைவ்' என்று சொல்லும் இதனை நடு மோட்டார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலே பிந்தியதுதான் உயர்ந்தது, நவீனமானது, ஆகையால் எல்லோரும் அதையே வாங்கவேண்டும் என்ற எண்ணம் பரவி வருகிறது. என் அபிப்பிராயம் வேறு. இந்தத் துறைமுகப் பிரதேசத்தில் நடு மோட்டார் சிலருக்கு மாத்திரமே அவசியம். அந்தச் சிலருக்கும், ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பெயர்பெற்ற பூட்டிய யந்திரங்களைவிட, நமது ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் கழற்றிப் பூட்டக்கூடிய யந்திரமே உகந்தது.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். தேகாரோக்கியமுள்ள ஒரு சாதாரண மனிதர் களைப்பின்றி நெடுநேரம் உழக்கும்போது வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 75 முதல் 100 வாற்று வரையில்தான். வண்டியும் ஆளும் சேர்ந்து 100 கிலோ என்று கொண்டால், காற்றில்லாத சமதரையில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் செல்வதற்குச் சுமார் 60 வாற்றே வேண்டியிருக்கும் என்பதால், உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரையில் கடலோரமாகப் போகிறவருக்கும், தம்பலகாமத்து வயல்வெளியைக் கடந்து கிண்ணியாப் பக்கம் போகிறவருக்கும், காற்று அமர்ந்திருக்கும் நாட்களில் மோட்டாரே வேண்டியதில்லை. ஆனால் வைகாசிக்குப் பின் கச்சான் காற்று எழுந்து, மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் முகத்துக்கு நேரே வீசத் தொடங்கினால், அதே 15 கிலோமீற்றர் வேகத்துக்கு 170 வாற்றுக்கு மேல் தேவைப்படும். கச்சானில் உழக்கியவர்களுக்கு இந்தக் கணக்கைத் தொடைகளே சொல்லும்.

இனி ஏற்றம். பதினைந்து மீற்றர் தூரத்துக்கு ஒரு மீற்றர் உயரும் சரிவில், மணிக்கு 10 கிலோமீற்றர் என்ற மந்த கதியில் ஏறினாலும் 200 வாற்று வேண்டும்; கரியரில் 50 கிலோ பாரம் இருந்தால் அது 300 வாற்றாகிவிடும். எதிர்காற்றுக்கும் ஏற்றத்துக்கும் உள்ள பேதம் இங்கேதான் வெளிப்படுகிறது. எதிர்காற்றிலே சில்லு ஓரளவு வேகமாகவே சுழன்றுகொண்டிருப்பதால், சில்லு மோட்டார் தனக்குப் பொருத்தமான கதியில் வேலை செய்து, வேண்டிய சக்தியைச் சிரமமின்றிக் கொடுத்துவிடும். ஏற்றத்திலோ சில்லு மெதுவாகச் சுழல, சில்லோடு பிணைக்கப்பட்ட மோட்டாரும் அதே மந்த கதியில் திணறி, பற்றரியிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் பெரும் பகுதியை உஷ்ணமாக்கி, நெடிய ஏற்றமானால் சுருள் கருகும் நிலைக்கும் வந்துவிடும். நடு மோட்டார் செயின் வழியாகத் தள்ளுவதால், நாம் கியரை மாற்றும்போது அதற்கும் கியர் மாறுகிறது. சில்லு மெதுவாகச் சுழன்றாலும் மோட்டார் தன் சுபாவமான வேகத்திலேயே சுழன்று, சூடேறாமல் மேட்டைக் கடக்கிறது. உவர்மலையில் வீடுள்ளவரும், பிரெட்றிக் கோட்டைக்குள்ளே மான்கள் மேய்கின்ற பாதையால் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிறவரும், பாரத்தோடு மேடு ஏறவேண்டிய வியாபாரியும் இதன் அருமையை முதல் நாளிலேயே உணர்வார்கள்.

ஆனால் இந்த அருமை முழுவதும் கியரில் தங்கியிருக்கிறது என்பதை விற்பனையாளர் சொல்வதில்லை. நமது வீதிகளில் ஓடுகின்ற லுமாலா முதலிய வண்டிகளில் பெரும்பாலானவை பின்னே ஒரேயொரு பற்சக்கரத்தோடு ஓடுகின்றவை. அத்தகைய வண்டியில் எத்தனை விலையுயர்ந்த நடு மோட்டாரைப் பூட்டினாலும், அது மாற்றுவதற்குக் கியர் இல்லாமையால், அதன் விசேஷ குணம் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். பின்னே ஏழு அல்லது எட்டுப் பற்சக்கரங்கள், அவற்றுக்கேற்ற செயின், கியர் மாற்றும் கருவி, சில வேளைகளில் புதிய பின் சில்லு என்று செலவு தொடர்ந்துகொண்டே போகும்; மோட்டாரின் விலையோடு இவற்றையும் கூட்டிப் பார்த்த பின்னரே தீர்மானத்துக்கு வரவேண்டும்.

நடு மோட்டாரின் சரித்திரம் ஜப்பானில் ஆரம்பமாகிறது. யமஹா நிறுவனம் 1993 இல் சந்தைக்குக் கொண்டுவந்த 'பாஸ்' என்ற வண்டியே, உழக்குகிறவரின் விசையை அளந்து அதற்கேற்ற உதவியை மோட்டார் வழங்கும் முறையில் உலகிலே முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. முதியோரும் பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிச் செல்லும் தாய்மாரும் அதனால் பயன்பெற்றார்கள். ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 2011 அளவில் இத்துறையில் காலூன்றியது. ஜப்பானின் ஷிமானோ அதைத் தொடர்ந்தது. பொஷ்ஷின் மலையேறும் வண்டிகளுக்கான மோட்டார் 85 நியூற்றன் மீற்றர் முறுக்குவிசையோடு பெயர்பெற்றது. ஷிமானோ 2020 இல் வெளியிட்ட இபி8 என்ற மோட்டார் அதே 85 நியூற்றன் மீற்றரை 2.6 கிலோ நிறையில் தருகிறது. பறக்கும் கமெராக்களால் பிரசித்தமான சீனாவின் டீஜேஐ நிறுவனம் 2024 இல் அறிமுகம் செய்த அவினொக்ஸ், இரண்டரைக் கிலோவில் 105 நியூற்றன் மீற்றர் என்று போட்டியை உயர்த்திவிட்டது. ஐரோப்பியச் சட்டப்படி இவையெல்லாம் 250 வாற்று மோட்டார்கள் என்றே பதியப்படுகின்றன, மணிக்கு 25 கிலோமீற்றரோடு உதவியை நிறுத்திக்கொள்ளவும் வேண்டும். ஆனால் அந்த 250 என்பது இடைவிடாது தரும் சக்தியின் கணக்காகையால், ஏற்றத்தில் சில நிமிஷங்களுக்கு அதைப்போல் இரு மடங்குக்கு மேலும் இவை தரக்கூடும். பெட்டியின் மேல் எழுதிய வாற்றைப் பார்த்து ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுவது ஆகையால் வீண்.

இந்த யந்திரங்களின் சிறப்பைக் குறைத்துச் சொல்வது அநீதி. பெடலில் கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை வினாடியில் பல நூறு தடவை அளந்து, அதே அளவுக்குத் தானும் அழுத்துவதால், தன் கால்களே திடீரென்று பலம்பெற்றுவிட்டன என்று உழக்குகிறவர் எண்ணும்படி அவை ஓடும். கால் நின்றால் மோட்டாரும் உடனே நிற்கும். கடையிலே கொண்டுவந்து நிறுத்திய அன்று எவரும் குறைசொல்ல இடமிராது. குறை தெரியவருவது நான்கைந்து வருஷங்களுக்குப் பிறகே. பொஷ், ஷிமானோ மோட்டார்கள் அவற்றுக்கென்றே வார்க்கப்பட்ட சட்டத்தில் மாத்திரம் பொருந்தும். வீட்டிலுள்ள வண்டியில் பூட்ட இயலாது. அவற்றின் பற்றரியும் மோட்டாரும் திரையும் தங்களுக்குள்ளே இரகசிய பாஷையில் பேசிக்கொள்வதால், பற்றரி தளர்ந்தபோது வேறொரு பற்றரியைக் கொடுத்தால் மோட்டார் அதை ஏற்காது. பிழை ஏற்பட்டால் அங்கீகாரம் பெற்ற வியாபாரியின் கணினியில் இணைத்துப் பார்க்கவேண்டும். உள்ளே ஒரு போல்பெயாரிங் தேய்ந்தாலும், தனியுறுப்பை விற்பதைவிட முழு மோட்டாரையும் மாற்றுவதே அக்கம்பெனிகளின் வழக்கம். மியூனிக் நகரத்தில் இது அசௌகரியம். திருகோணமலையில், கொழும்புக்குப் பார்சல் கட்டி அனுப்பி, அங்கிருந்து வெளிநாட்டுக்கு எழுதிக் காத்திருக்கவேண்டிய நமக்கு, வண்டியே முடங்கிப்போனதற்குச் சமானம்.

மறுபக்கத்தில் சீனாவின் பாஃபாங் நிறுவனத்து 'பிபிஎஸ்' வரிசை மோட்டார்களும், தொங்ஷெங் நிறுவனத்து டிஎஸ்டிஇஸட்2 என்ற மோட்டாரும் இருக்கின்றன. இவை பழைய வண்டியிலும் பூட்டுவதற்கென்று செய்யப்பட்டவை. பெடல் அச்சையும் அதன் கிண்ணங்களையும் கழற்றியபின் எஞ்சும் குறுக்குக் குழாயின் அகலம் 68 முதல் 73 மில்லிமீற்றருக்குள் இருக்குமானால், பாஃபாங்கின் சாதாரண வகையை அதனூடே செலுத்தி, மறுபக்கத்தில் வளைய நட்டை இறுக்கிவிடலாம்; பழைய றாலி வண்டிகள் சிலவற்றில் இந்தக் குழாய் இன்னும் அகலமாயிருக்குமாகையால், பணம் கொடுப்பதற்கு முன் அளவுகோலை வைத்துப் பார்ப்பது புத்தி. வலப்பக்கத்துப் பற்தட்டையும் மூடிகளையும் நீக்கி உள்ளே பார்த்தால், உருக்குப் பற்சக்கரங்களோடு நைலோனாலான ஒரு பற்சக்கரமும் கிறீசில் தோய்ந்திருப்பது தெரியும். உருக்கோடு உருக்கு உரசினால் எழும் இரைச்சலைத் தவிர்ப்பதற்காக அது நைலோனிலே செய்யப்பட்டது. அளவுக்கு மிஞ்சிய பாரம் வந்தால் முதலில் தேய்வதும் அதுவே. அதை மாத்திரம் தனியே வாங்கி, பழைய கிறீசைத் துடைத்துப் புதியது பூசி மாற்றிவிட்டால், மோட்டார் திரும்பவும் ஓடும். இந்த வேலையைச் செய்வதற்கு அலன் சாவிகளும், வளைய நட்டுக்குரிய சாவியும், சைக்கிள் கடையில் வளர்ந்த ஒரு ஜோடிக் கைகளும் போதும்.

இவற்றுக்கும் குறைகள் உண்டு, சொல்லாமல் விடலாகாது. பாஃபாங்கின் இந்த வரிசை, பெடல் சுற்றுகிறதா என்பதை மாத்திரம் கவனிக்கிறதே தவிர, எவ்வளவு அழுத்தத்தோடு சுற்றுகிறது என்பதைக் கவனிப்பதில்லை. ஆகவே சும்மா காலைச் சுழற்றினாலும் மோட்டார் தள்ளும். கால் நின்ற பின்னரும் ஒரு கணம் தள்ளிவிட்டே ஓயும். சனநெரிசலான மத்திய வீதியில் அந்த ஒரு கணம் ஆபத்தாகலாம் என்பதற்காகவே, பிரேக்கைப் பிடித்தவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிடிகள் அதனோடு தரப்படுகின்றன. நமது பழைய வண்டிகளிலுள்ள கம்பி பிரேக்கோடு அந்தப் பிடிகள் சேரமாட்டா. மாரி மழையில் ரிம் நனைந்தபோது கம்பி பிரேக் எவ்வளவு பிடிக்கும் என்பதும் யாவரும் அறிந்ததே. ஆகையால் மோட்டார் பூட்டுகிறவர் கேபிள் பிரேக்கோ டிஸ்க் பிரேக்கோ பூட்டியே தீரவேண்டும். தொங்ஷெங் மோட்டார் கால் அழுத்தத்தை அளக்கும் உணரியோடு வருவதால் ஓட்டத்தில் மென்மையானது. ஆயினும் பலம் குறைந்தது, நெடிய ஏற்றத்தில் பாரத்தோடு வருத்தினால் சூடேறுவது. இன்னொரு சோதனை பாஃபாங்கின் 1,000 வாற்று வகை. 160 நியூற்றன் மீற்றர் என்று கம்பெனி சொல்லும் அதன் பலத்தை விரும்பி வாங்குகிற இளைஞர்கள், துவிச்சக்கர வண்டியின் மெல்லிய சட்டத்திலும் பிரேக்கிலும் மோட்டார் சைக்கிளின் வேகத்தை ஏற்றுகிறார்கள். ஐரோப்பாவும் இந்தியாவும் 250 வாற்று, 25 கிலோமீற்றர் என்ற எல்லையை வகுத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. நாமும் அதற்குள் நிற்பது உயிருக்கு நல்லது.

எந்தக் கம்பெனியின் நடு மோட்டாரானாலும் பொதுவான ஒரு விலையை நாம் கொடுத்தாகவேண்டும், அது செயின். மனிதரின் 100 வாற்றை இழுப்பதற்கென்று அமைந்த செயினும் பற்சக்கரங்களும், மூன்று நான்கு மடங்கு பலத்தை இழுக்கும்போது விரைவாகத் தேய்கின்றன. நமது கடற்கரையில் இதனோடு வேறு இரண்டு சத்துருக்களும் சேர்கின்றன. திருக்கடலூரிலோ உப்புவெளியிலோ இரவு வெளியே நிறுத்திய வண்டியின் செயின் கண்ணிகளில், விடியும்போது செம்மஞ்சள் நிறத்தில் கறள் பூத்திருக்கும். அதைப் போக்க ஒயிலைத் தாராளமாக விட்டால், பகலிலே பறக்கும் மணல் அந்த ஒயிலில் ஒட்டி, கண்ணிக்கும் பல்லுக்கும் இடையே அரம்போல நின்று அராவும். நன்னீரால் கழுவி, துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு துளியாக ஒயிலிட்டு, மேலே எஞ்சியதையும் துடைத்துவிடுவதே வழி. சில்லு மோட்டார் செயினைத் தொடுவதேயில்லை. அந்த வண்டியில் செயின் அறுந்தாலும், கைப்பிடி விசை பூட்டியிருந்தால், பற்றரியின் தயவில் வீடு வந்து சேரலாம். நடு மோட்டார் வண்டியில் செயின் அறுந்தால் இறங்கித் தள்ளவேண்டியதுதான். பெடல் அச்சுக்குக் கீழே தொங்கும் மோட்டார், மாரியில் வெள்ளம் நிற்கும் வீதியில் முதலில் நனையும் உறுப்பாகவும் இருக்கிறது.

இவ்வளவையும் சீர்தூக்கினால் தீர்ப்பு கடினமானதன்று. நிலாவெளி வீதியில் பாடசாலைக்குப் போய்வரும் ஆசிரியைக்கும், 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பிறகு பாதைப் படகுக்குக் காத்திராமல் நகரத்துக்கு வேலைக்கு வருகின்றவருக்கும், பின் சில்லிலே அமைந்த 250 வாற்றுச் சில்லு மோட்டார் போதும். அது கிரயத்தில் குறைந்தது, பராமரிப்பும் சொற்பம். உவர்மலையில் குடியிருக்கும் முதியவருக்கும், ஐஸும் மீனும் நிறைந்த பெட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டு மேட்டுத் தெருக்களில் கூவி விற்கின்ற வியாபாரிக்கும் நடு மோட்டார் வேண்டும். அதுவும் பின்னே கியரோடு, நல்ல பிரேக்கோடு, கழற்றிப் பூட்டக்கூடிய வகையாக வேண்டும். பூட்டிய பெட்டிகளான உயர்தர யந்திரங்கள், அவற்றைத் திருத்துவதற்குரிய நிலையம் இம்மாவட்டத்திலே ஏற்படும் நாள்வரை, ஊர் சுற்றிப் பார்க்க வரும் உல்லாசப் பிரயாணிகளுக்கு இருக்கட்டும்.

தொழிற்பயிற்சி அதிகாரசபையினருக்கு ஒரு விண்ணப்பம். மோட்டார் சைக்கிள் திருத்துவதற்கும் குளிர்சாதனம் திருத்துவதற்கும் பாடநெறிகள் நடத்துகின்ற நீங்கள், நமது சைக்கிள் கடைக்காரர்களுக்கு மாலை நேரத்திலே, மோட்டாரைக் கழற்றவும் பற்றரியின் வோல்ற்று அளவைச் சோதிக்கவும் ஒரு குறுகிய வகுப்பை ஏற்படுத்துங்கள். கரியும் கிறீசும் படிந்த அந்தக் கைகளுக்கு மின்னறிவும் சேர்ந்தால், வேறெந்தச் சலுகையும் தேவைப்படாது. வாங்கப் போகின்ற வாசகருக்கும் ஒரு வார்த்தை. கடைக்காரரிடம் முறுக்குவிசை எத்தனை நியூற்றன் மீற்றர் என்று கேட்பதற்கு முன்னே, இதனுடைய பற்சக்கரமும் கட்டுப்பாட்டுப் பலகையும் பற்றரியும் மூன்று வருஷம் கழித்துத் தனித்தனியே கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்கும் என்று வாயால் சொன்னால் போதாது, அலுமாரியைத் திறந்து அவற்றைக் காட்டினால் மாத்திரம் பணத்தைக் கொடுங்கள்.